மஞ்சள் தண்ணீர் வாளி

"காலை நீட்டு புள்ள. நீட்டுடி தங்கம்."

மதுஷா நீட்டவில்லை. அம்மா பழைய சேலைக் கிழிசலைக் கையில் எடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது ஒன்றேகால் வயதுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. இரண்டு காலையும் மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள். சுஜீதா வலது காலை இழுத்துப் பிடித்து, கணுக்காலில் முதலில் மெத்தென்று ஒரு துணியைச் சுற்றி, அதன்மேல் கிழிசலைக் கட்டினாள். மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்தாள். அந்தக் கிழிசலின் நீளத்தை அவள் பல நாள் பார்த்துப் பார்த்துக் குறைத்திருந்தாள். பிள்ளை கதவு வரைக்கும் வரலாம். அடுப்புக்கும் தண்ணீர்ப் பானைக்கும் போக முடியாது.

வாசலில் பழனியாண்டி கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே பார்க்கவில்லை. காலையில் இந்த நேரத்தில் அவன் எப்போதும் உள்ளே பார்ப்பதில்லை.

"இறுக்கிக் கட்டாத," என்றான்.

"இறுக்காட்டி அவுத்துக்கிட்டு அடுப்புக்குப் போறா."

"சரி."

 தேயிலைச் செடி வெட்டும் மலைக்கு அவன் நடந்தான். சுஜீதா ரொட்டித் துண்டு ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "அம்மா வெரசா வந்துருவேன்" என்று வழக்கமான பொய்யைச் சொல்லி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். உள்ளே அழுகை தொடங்கியது. அது கேட்காத தூரம் வரும்வரை அவள் ஓட்டமும் நடையுமாகத்தான் போவாள்.

அவள் போன இடம் பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்கும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு மலையேறும் இடம். அங்கே ஆயம்மா சுஜீதாதான். தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் தூக்கி, துடைத்து, ஊட்டி, உறங்கவைப்பது அவள் வேலை. அவள் பெற்ற பிள்ளைக்கு மட்டும் அந்தக் காம்பராவில் இடமில்லை.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மிருகங்கள் அல்ல. மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவர்கள், மே தினத்துக்குச் சிவப்புச் சட்டை போடுகிறவர்கள், பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் உலை வைக்காதவர்கள். அதனால்தான் இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் கூடுகிறது.

றக்வானையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்துக்கும் மேலே இருக்கிறது அந்தத் தோட்டம். அதில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். இரண்டுக்கும் ஒரே தகரம், ஒரே ஒழுக்கு, ஒரே சம்பளம். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த முப்பாட்டன்மார் வேறு எதையும் கொண்டுவராவிட்டாலும் சாதியைப் பத்திரமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். மூட்டையை அவிழ்த்து மேல் சாதியை மேலேயும் கீழ் சாதியைக் கீழேயும் வைத்தார்கள். பழைய ஆயம்மா மேல் லயத்துக்காரி. அவள் வயதாகி வேலையை விட்டு நின்றபோது, பரீட்சை பாஸ் பண்ணி இரத்தினபுரியில் பயிற்சி எடுத்த ஒருத்திதான் வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் சொல்லிவிட்டது. மேல் லயத்தில் படித்த பெண்கள் கொழும்புக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவள் சுஜீதா, கீழ் லயத்துக்காரி.

முதல் நாள் மேல் லயத்துப் பெண்களில் ஒருத்தியும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. முதுகில் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாக மலையில் நின்றார்கள். தோட்டத்தை நடத்தும் துரை, பிள்ளையோடு வந்தால் பேர் போடமாட்டேன் என்றார். பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அப்புறம்தான் தொழிற்சங்கத் தலைவர் நாகலிங்கம் ஒரு சமாதானம் பேசினார். ஆயம்மா அவளே இருக்கட்டும், ஆனால் இரண்டு நிபந்தனை.

"ஒண்ணு, காம்பரா வாசல்ல மஞ்சத் தண்ணி வாளி ஒண்ணு இருக்கணும். சாயந்தரம் எங்க பொம்பளைங்க புள்ள தலையில தெளிச்சுப்புட்டுத்தான் தூக்குவாங்க. ரெண்டாவது, அவ புள்ள அங்க வரப்படாது. அவ புள்ளைக்குப் பாலு குடுத்த கையி, பீ அள்ளுன கையி, அதே கையால எங்க புள்ளைக்கு ஊட்டப்படாது."

நலன்புரி உத்தியோகத்தர் சிங்களப் பையன். கல்யாணமாகாதவர். "ஹரி ஹரி. பிரஷ்னயக் ஓன நே," என்றார். பிரச்சினை வேண்டாம் என்பதைத் தவிர அவருக்கு வேறு கொள்கை கிடையாது.

சுஜீதா ஒத்துக்கொண்டபோது மதுஷா பிறக்கவில்லை. வயிற்றில் இருந்தாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக ஒரு நிபந்தனையை ஒத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று அப்போது நினைத்தாள்.

மஞ்சளை நாகலிங்கத்தின் வீட்டில் அரைத்து உருண்டையாக்கி அனுப்புவார்கள். வாளி காலையில் எப்போதும் நிரம்பியே இருக்கும். அதில் தண்ணீர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

*

ஐப்பசி மழை. விடிந்ததிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குப் பால் கொடுக்கும் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வந்து போவார்கள். அன்றைக்கு எல்லாரும் வந்து போய்விட்டார்கள், நாகலிங்கத்தின் மருமகள் இந்திராணியைத் தவிர. அவளுக்கு அன்று ஓடைக்கு அந்தப்பக்கத்து மலை. ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டது என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

இந்திராணியின் மகன் லோஜனுக்கு ஆறு மாதம். சில வாரமாகவே இளைத்துக்கொண்டு வந்தான். வீட்டிலிருந்து பால்மா கரைத்த போத்தல் வரும். அவன் அதன் சூப்பியை நாக்கால் தள்ளிவிடுவான். அன்றைக்கு அழுது அழுது தொண்டை கட்டி, சத்தம் நின்று, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. உதடு நீலம் பாய்ந்தது. சுஜீதா தோளில் போட்டு ஆட்டினாள், கரண்டியால் ஊட்டினாள், அரசாங்கம் கொடுக்கும் திரிபோஷா சத்துமாக் கஞ்சியைத் தொட்டு வைத்தாள். எல்லாம் கடைவாயில் வழிந்தது.

அவளுடைய ரவிக்கை அதற்கு முன்பே நனைந்திருந்தது. தினமும் இந்த நேரத்துக்கு நனையும். கீழ் லயத்தில் பூட்டிய வீட்டுக்குள் கட்டில் காலில் கட்டிக் கிடப்பவளுக்காக ஊறும் பால். தாய்மார் இறங்கி வந்து தங்கள் பிள்ளைகளை மடியில் போடும்போது அவள் விறகுப் பக்கம் திரும்பி நின்று, மாரில் துண்டை வைத்து அழுத்திக்கொள்வாள். உத்தரவு இல்லாமல் ஆயம்மா காம்பராவை விட்டு இறங்க முடியாது.

அவள் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. மூலையில் உட்கார்ந்தாள், ஊக்கைக் கழற்றினாள், பையனை மாரோடு சேர்த்தாள். அவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். சாதி அவனுக்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

சுஜீதா அழுதாள். பையனுக்காக இல்லை, மகளுக்காக.

தலை நிமிர்ந்தபோது வாசலில் இந்திராணி நின்றாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. பிள்ளையைப் பிடுங்கவில்லை. அவன் குடித்து முடித்து, வாய் தானாக விலகி, தலை சாயும்வரை நின்றாள்.

"என்னா காரியம் பண்ணிட்ட?" என்றாள் பிறகு. குரலில் கோபம் இருந்திருக்க வேண்டும். பயம்தான் இருந்தது.

"நீலம் பாஞ்சிருச்சுங்க. போத்தல எடுக்கல. வேற என்னா செய்யிறது?"

"யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

வாளியிலிருந்து மஞ்சள் தண்ணீரை அள்ளி மகனின் தலையில், வாயில், நெஞ்சில் தெளித்தாள். அப்புறம் அவனைத் தொட்டிலில் போட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

ரகசியம் அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது. போத்தல் நிரம்பியபடி வீட்டுக்கு வந்திருக்கிறது. பிள்ளையோ பல நாளுக்குப் பிறகு வயிறு புடைக்க உறங்குகிறான், தோளில் போட்டால் பால் கக்குகிறான். நாகலிங்கத்துக்குக் கணக்குத் தெரியும்.

"புள்ள என்னா குடிச்சான்?" என்று மருமகளைக் கேட்டார்.

"நான் மலையில இருந்தேன் மாமா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவளாத்தான் குடுத்திருக்கா," என்றாள் இந்திராணி.

*

மறுநாள் வேலை விட்டதும் கோயில் முன்னால் கூட்டம். மேல் லயத்தார் படிக்கட்டில். கீழ் லயத்தார் கழிவுநீர் ஓடும் கான் ஓரத்தில். சுஜீதாவும் பழனியாண்டியும் நடுவில், மண்ணில். மதுஷா அப்பாவின் தோளில். கணுக்காலில் கிழிசல் அறுத்த தடம் சிவந்து கிடந்தது. அத்தனை பேர் கண்ணிலும் அது பட்டது. ஒருவரும் அது என்னவென்று கேட்கவில்லை.

"ஓம் பாலு எங்க புள்ள வயித்துக்குள்ள போயிருச்சு," என்றார் நாகலிங்கம். கத்தவில்லை. மே தின மேடையில் 'தொழிலாளர் எல்லாம் ஒரே சாதி' என்று முழங்கும் அதே கனத்த குரல். "தலையில பட்டா தெளிச்சு எடுத்துரலாம். வயித்துக்குள்ள போனத எப்புடிக் கழுவுறது? நீயே சொல்லு, படிச்சவதானே."

"கழுவ ஏலாதுங்க. இந்நேரம் செமிச்சிருக்கும்."

பழனியாண்டி அவளை முழங்கையால் இடித்தான். இரண்டு கையையும் கூப்பி, "புத்தி இல்லாம செஞ்சிட்டாங்க, தலைவரே. நீங்க பாத்து மன்னிக்கணும்," என்றான். தன் வயதில் பாதிகூட இல்லாத மேல் லயத்துப் பையன்களையும் பார்த்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடு சுஜீதாவுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

தீர்ப்பு ஏற்கனவே தயாராக இருந்தது. பிள்ளைக்குத் தீட்டுக் கழிக்க வேண்டும். சுஜீதா தலைவர் குடும்பத்தின் காலில் விழ வேண்டும். நாளையிலிருந்து வேலைக்கு வரக்கூடாது.

"காத்தமுத்து, அந்த வாளிய எடுத்தா," என்றார் நாகலிங்கம்.

மேல் லயத்துப் பையன் காத்தமுத்து பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிப்போய் வாசல் வாளியைத் தூக்கி வந்தான். லோஜனின் சட்டையைக் கழற்றி, இந்திராணியின் மடியில் உட்காரவைத்தார்கள். மழைக்காற்று. நாகலிங்கம் சாமி பேரைச் சொல்லிச் சொல்லிச் செம்பால் மொண்டு பேரன் தலையில் ஊற்றினார். பிள்ளை மூச்சுத் திணறி வீறிட்டது. விடாமல் ஊற்றினார். கடைசியில் உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, "உள்ள போனதுக்கு உள்ளயே மருந்து" என்று வாயிலும் புகட்டினார். படிக்கட்டில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இப்ப விழு," என்றார் சுஜீதாவைப் பார்த்து.

அவள் விழவில்லை.

"ஒண்ணு சொல்லணுங்க," என்றாள். "அந்தத் தண்ணி நான் மொண்டு வச்சது."

"என்னது?"

"அந்த வாளித் தண்ணி. தெனமும் காலையில பீலியில நாந்தான் புடிக்கிறேன். நீங்க குடுத்துவுடுற மஞ்சள இந்தக் கையாலதான் கரைக்கிறேன். வாளி வச்ச நாள்ல இருந்து அப்புடித்தாங்க. வேற யாரு செய்வான்னு நெனச்சீங்க?"

 எல்லாரும் வாளியைப் பார்த்தார்கள். இத்தனை நாள் தங்கள் பிள்ளைகளின் தலையில் தெளித்ததெல்லாம், தெளித்தபின் நிம்மதியாக முத்தம் கொடுத்ததெல்லாம் ஒவ்வொருத்திக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு பெண் தன் கையையே முகர்ந்து பார்த்தாள். கான் ஓரத்தில் கீழ் லயத்துக் கிழவி ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தச் சிரிப்புத்தான் வினை. நாகலிங்கத்தின் முகம் இருண்டது. வாளியைக் காலால் உதைத்தார். அது உருண்டு கானில் விழுந்தது. அவர் பழனியாண்டியைப் பார்த்தார். பார்த்ததோடு சரி. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குப் பரம்பரையாகத் தெரியும்.

பழனியாண்டி பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் சுஜீதாவின் கன்னத்தில் அறைந்தான். ஊரே பார்க்க அறைந்தான். மதுஷா அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. கலைந்து போனார்கள். நனைந்த பிள்ளையைத் துவட்டக்கூடச் சொல்லாமல் நாகலிங்கம் முன்னால் நடந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு பழனியாண்டி அடுப்படியில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் அடிக்காட்டி அவங்க அடிச்சிருப்பாங்க," என்றான்.  சுஜீதா சோறு போட்டு வைத்தாள். அவன் சாப்பிடவில்லை.

*

தலைவரின் தீர்ப்பு துரையிடம் செல்லுபடியாகவில்லை. பயிற்சி எடுத்த வேறு ஆள் கிடையாது, கொழுந்து முற்றிக்கொண்டிருக்கிறது, பிள்ளையோடு மலைக்கு வந்தால் பேர் கிடையாது. விடியற்காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நலன்புரி உத்தியோகத்தர் வந்து இதைச் சிங்களத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்று காலை சுஜீதா சேலைக் கிழிசலைத் தேடவில்லை. மகளைக் குளிப்பாட்டி, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"எங்க தூக்கிட்டுப் போற?" என்றான் பழனியாண்டி.

"வேலைக்கு."

அவன் வழியை மறிக்கவில்லை. வழியிலிருந்து விலகவும் இல்லை. அவள் சுவரோரமாக ஒதுங்கிப் போனாள்.

வாளி கானில் கிடந்தது. அதை எடுக்காமல் தாண்டிப்போய்ப் பிள்ளைக் காம்பராவைத் திறந்தாள். மதுஷா முதல்முறையாக அந்தத் தொட்டில்களையும் பொம்மைப் படங்களையும் கண்டு வாயைப் பிளந்தாள். காலை ஒருதரம் உதறிப் பார்த்தாள். எதுவும் இழுக்கவில்லை என்று தெரிந்ததும் தவழ்ந்து ஒவ்வொரு மூலையாகப் போனாள்.

மேல் லயத்துப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் வீட்டிலிருந்தே மஞ்சள் கரைத்துக் கொண்டுவந்த போத்தல். சோடாப் போத்தல், மருந்துப் போத்தல், ஒருத்தியிடம் புருஷன் குடித்துப் போட்ட சாராயப் போத்தல்கூட. சாயங்காலத்துக்கென்று வாசலில் வரிசையாக வைத்தார்கள். மதுஷாவைப் பார்த்தார்கள், தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். பெக்டரிச் சங்கு ஊதியது. பிள்ளைகளை இறக்கிவிட்டு மலைக்கு ஓடினார்கள்.

கடைசியாக இந்திராணி வந்தாள். மற்றவர்கள் கண்ணுக்கு மறையும்வரை பாதையிலேயே காத்துநின்றிருக்கிறாள். லோஜனின் மூக்கு ஒழுகியது, கண் உள்ளே போயிருந்தது. பிள்ளையின் கூடையில் மாற்றுத்துணி இருந்தது. பால் போத்தலைக் காணோம். மஞ்சள் போத்தலையும் காணோம்.

"ராத்திரி பூரா அழுதான்," என்றாள் தாழ்ந்த குரலில். "பால்மாவ வாயில வைக்கவே மாட்டேங்கிறான். எனக்கு... எனக்கு வத்திப் போச்சு சுஜீதா. நாலாம் மாசமே வத்திப் போச்சு. வூட்டுல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா வத்துன மாடுன்னு சொல்லிருவாங்க."

சுஜீதாவின் மனம் இளகியது. அதை மறைப்பதற்கில்லை. தன்னைக் காட்டிக்கொடுத்தவள் என்பதெல்லாம் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்ததும் கரைந்துபோனது. கையை நீட்டிப் பிள்ளையை வாங்கப் போனாள்.

"காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா குடுத்துரு," என்றாள் இந்திராணி. "கதவச் சாத்திட்டு, யாரு கண்ணுலயும் படாம குடு. மாமாவுக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்டுருவாரு."

அப்போதுதான் அவள் மதுஷாவைக் கண்டாள். குழந்தை தொட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, புதிதாக வந்தவளைப் பார்த்துச் சிரித்தது.

"இவள ஏன் இங்க கொண்டாந்த?"

சுஜீதா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொண்டுபோயி வூட்டுலயே கட்டிப் போட்டுட்டு வா. நான் அதுவரைக்கும் நிக்கிறேன்," என்றாள் இந்திராணி. கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நியாயம் பேசுகிற குரலிலேயே சொன்னாள். "இவளும் குடிச்சா எம்புள்ளைக்குப் பத்தாதுல்ல."

நீட்டிய கையைச் சுஜீதா மடக்கிக்கொண்டாள்.

போன தீபாவளி அவளுக்கு ஞாபகம் வந்தது. பண்டிகைக் காலையில் கீழ் லயத்தார் மேல் லயத்து வீடுகளின் பின்வாசலில் சட்டியோடு போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் திமிர் என்பார்கள். கைப்பிள்ளையோடு அவள் நின்றபோது இதே இந்திராணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "எங்க வூட்டுப் புள்ளைங்க இன்னும் திங்கல. தின்னுட்டு மிச்சம் இருந்தா தர்றேன், நில்லு" என்றாள். வெயில் ஏறும்வரை நிற்கவைத்தாள்.

சுஜீதா போய் மதுஷாவைத் தூக்கினாள். கதவைச் சாத்தவில்லை. வாளி இருந்த வாசல்படியிலேயே, பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மலையிலிருந்து பார்த்தால் தெரியும் இடம். ஊக்கைக் கழற்றி மகளை மடியில் போட்டாள். பட்டப்பகலில், வேலை நேரத்தில், இந்தக் காம்பராவில் மதுஷா பால் குடிப்பது அதுதான் முதல்தடவை.

லோஜன் வாசனை அறிந்து தாயின் கையில் நெளிந்தான். கட்டிய தொண்டையால் அழுதான்.

"என்னா சுஜீதா இது..."

"நில்லுங்கக்கா," என்றாள் சுஜீதா, மரியாதைக்குக் குறைவில்லாமல். "எம்புள்ள குடிக்கட்டும். மிச்சம் இருந்தா தர்றேன்."

பெக்டரிச் சங்கு இரண்டாம் முறை ஊதியது. இனிப் போனால் அரைப் பேர்தான். இந்திராணி மலையைப் பார்த்தாள், வாசல்படியைப் பார்த்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள்.